பர்சில்லாய் கேட்ட வரம்



விடியற்காலையில் நம் ஊர்களில் முதலில் கேட்பது முற்றம் பெருக்கும் சத்தம்தான். பாறசாலையிலிருந்து தனுவச்சபுரம் பக்கம் திரும்பினாலும் சரி, குன்னத்துக்கால், காரக்கோணம் வழியாக வெள்ளறடைக்குப் போனாலும் சரி, வெயில் ஏறுமுன்னே ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு அம்மச்சி வாரியலோடு நிற்பார். வயது தொண்ணூறை ஒட்டி இருக்கும். இரண்டு தடவை இழுப்பார், நின்று மூச்சு வாங்குவார், மறுபடியும் இரண்டு தடவை. அவர் முடித்த பிறகும் மூலையில் நாலு பலா இலை கிடக்கத்தான் செய்யும். அடுக்களையிலிருந்து மருமகள் ஓடி வருவாள்: "அம்மா, அதக் கீழ போடுங்க. நான் தூத்துக்கிடுதேன். நீங்க போய் சும்மா இருங்க."

அன்பினால் சொல்கிற வார்த்தைதான். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன செய்வது என்ற பயமும் அதில் இருக்கிறது. அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால், அம்மச்சி திண்ணையில் போய் உட்கார்ந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? முற்றத்தில் நின்றபோது பால் கொண்டுபோகிறவரிடம் ஒரு வார்த்தை பேசுவார். ரப்பர் வெட்டிவிட்டு வருகிறவரிடம் அவருடைய அம்மாவின் கால்வலியை விசாரிப்பார். அடுத்த வீட்டுப் பெண் மதிலுக்கு அந்தப்புறமிருந்து ஏதாவது கேட்பாள். வாரியல் கையை விட்டுப் போனதும் அதெல்லாம் சேர்ந்தே போய்விடுகிறது. நாள் போகப்போகத் திண்ணையும் போய், கட்டில் மட்டும் மிஞ்சுகிறது.

சும்மா இருங்கள் என்று நாம் சொல்வது யாருடைய நிம்மதிக்காக? அவர்களுடைய நிம்மதிக்காகவா, நம்முடைய நிம்மதிக்காகவா? இதை ஆண்டவர் முன்னிலையில் ஒவ்வொருவரும் நமக்குள் கேட்டுப் பார்ப்போம். பயப்படாமல் கேட்டுப் பார்ப்போம். நம் ஆண்டவர் குற்றப்பத்திரிகை எழுதிக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வருகிறவர் அல்லர். நம் களைப்பை அறிந்தவர்.

ஜூலை மாதத்து நான்காம் ஞாயிறைத் திருஅவை தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் உரிய நாளாகக் கொண்டாடுகிறது. இயேசுவின் தாத்தா பாட்டியான புனித சுவக்கீன், அன்னா திருவிழாவை ஒட்டி, 2021ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் இதை ஏற்படுத்தினார். மறு ஆண்டு பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை அவருடைய புதன்கிழமை மறைக்கல்வி முழுவதும் முதுமையைப் பற்றியே இருந்தது. அந்த மாதங்களில்தான் முழங்கால் வலி மிஞ்சி, அவர் சக்கர நாற்காலியில் வரத் தொடங்கினார். வேறொருவர் தள்ளிக்கொண்டு வர, 85 வயதில், உலகத்தின் முன்னால் அமர்ந்து முதுமையைப் பற்றிப் பேசினார். 2025 ஏப்ரல் 21 அன்று இறைவனிடம் போகும்வரை அந்த நாற்காலியை அவர் ஒளித்து வைக்கவில்லை.

இன்று உங்களோடு சேர்ந்து தியானிக்க நான் எடுத்துக்கொண்டது சாமுவேல் இரண்டாம் நூலின் 19ஆம் அதிகாரம். நாம் அதிகம் வாசிக்காத பகுதி. அதில் பர்சில்லாய் என்று ஒரு பெரியவர் வருகிறார். கிலயாது நாட்டுக்காரர், வயது 80. தாவீது அரசர் தம் சொந்த மகன் அப்சலோமுக்குப் பயந்து யோர்தான் ஆற்றைக் கடந்து ஓடிய நாட்களில், இந்தப் பெரியவரும் வேறு சிலரும் சேர்ந்து அரசருக்கும் அவருடைய ஆட்களுக்கும் படுக்கை, பாத்திரம், கோதுமை, பயறு, தேன், வெண்ணெய் எல்லாம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பசியும் தாகமுமாய் வந்தவர்களைத் தாங்கினார்கள். பிறகு போர் முடிந்தது. அப்சலோம் இறந்தான். அரசர் எருசலேமுக்குத் திரும்பப் புறப்பட்டார். ஆற்றங்கரை வரைக்கும் வழியனுப்ப பர்சில்லாய் வந்தார்.

தாவீது நன்றி மறக்கவில்லை. என்னோடு எருசலேமுக்கு வாரும், அங்கே என் வீட்டில் வைத்து உம்மைப் பராமரிக்கிறேன் என்றார். அரண்மனை, வேலைக்காரர்கள், அரசருடைய பந்தி. வயதான ஒருவருக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் பர்சில்லாய் வேண்டாம் என்றார். எனக்கு 80 வயதாயிற்று, சாப்பாட்டின் ருசி தெரிவதில்லை, பாடகர்களின் பாட்டும் காதில் விழுவதில்லை, அரசருக்கு நான் ஏன் இன்னுமொரு சுமையாக வேண்டும் என்றார். ஆற்றைக் கடந்து கொஞ்ச தூரம் உம்மோடு வருகிறேன். அதன்பின் என்னை விட்டுவிடும். என் ஊரில், என் தகப்பனும் தாயும் அடக்கம் செய்யப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே நான் சாக வேண்டும். இதுதான் அவர் கேட்ட வரம்.

அரசர் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். கட்டாயப்படுத்தவில்லை. கோபித்துக்கொள்ளவில்லை. உமக்கு ஒன்றும் தெரியாது, நான் சொல்வதைக் கேளும் என்று சொல்லவில்லை. அந்தக் கிழவரை முத்தமிட்டு, ஆசி கூறி, அவர் ஊருக்கே அனுப்பி வைத்தார். அவர் கைகாட்டிய கிம்காம் என்ற இளைஞனைத் தம்மோடு கூட்டிக்கொண்டு போனார். அதோடு அந்த உறவு முடிந்தும் போகவில்லை. தாம் சாகும் தறுவாயில் மகன் சாலமோனைக் கூப்பிட்டு, பர்சில்லாயின் பிள்ளைகளுக்கு இரக்கம் காட்டு, அவர்கள் உன் பந்தியில் சாப்பிடட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பெரியவர் தம் ஊரில் தம் இஷ்டப்படி இருந்தார். அரசரின் நெஞ்சிலும் இருந்தார். இவை இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும் என்று காட்டத்தான் ஆவியானவர் இந்தக் கதையைத் திருவிவிலியத்தில் எழுதி வைத்தார் என்று நான் நம்புகிறேன்.

நம் வீடுகளில் இவை இரண்டில் ஒன்றுதான் கிடைக்கிறது. ஒன்று, பெரியவர்களைத் தனியாக விட்டுவிடுகிறோம். பெரிய வீடு, பூட்டிய அறைகள், வளைகுடாவிலிருந்து பணம், சுவரில் கேமரா. இல்லாவிட்டால், கூடவே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கையிலிருந்து வாங்கிவிடுகிறோம். சாவிக்கொத்தை வாங்குகிறோம், பென்ஷன் பணத்தை வாங்குகிறோம், எப்போது குளிப்பது, எப்போது தூங்குவது என்பதையும் நாமே சொல்கிறோம். தேய்ந்துபோன கத்தியால் மரச்சீனி தோல் உரிப்பதில் அவர்களுக்கிருந்த சின்ன சந்தோஷமும் போகிறது. சில வீடுகளில் நிலத்தை இஷ்டதானமாக எழுதிக் கொடுத்த மறுநாளிலிருந்து அப்பச்சனின் பேச்சுக்கு மரியாதை குறைகிறது. கவனிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிவிட்டுக் கவனிக்காமல் போனால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்ய, பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. சட்டம் வரைக்கும் போக வேண்டிய நிலை நம் பங்கில் ஒரு பெற்றோருக்கும் வர வேண்டாம்.

மருத்துவர்கள் வயதானவர்களைப் பார்க்கும்போது ஆறு காரியங்களைக் கேட்பார்கள். தானாகக் குளிக்கிறாரா, உடுத்துகிறாரா, கழிப்பறைக்குப் போகிறாரா, கட்டிலிலிருந்து எழும்புகிறாரா, மலசலம் அடக்க முடிகிறதா, கையால் எடுத்துச் சாப்பிடுகிறாரா. அமெரிக்காவில் சிட்னி கட்ஸ் என்ற மருத்துவர் தம் குழுவோடு சேர்ந்து 1963இல் இதை வகுத்தார். இன்றும் உலகம் முழுக்க இதைத்தான் கேட்கிறார்கள். நல்ல கேள்விகள். ஒரு மேய்ப்பனாக எனக்கு ஏழாவதாக ஒன்றும் கேட்க வேண்டும்: நேற்று இவரைப் பார்க்க யார் வந்தார்?

இது வெறும் ஆறுதல் பேச்சென்று நினைக்காதீர்கள். 2010இல் 148 ஆய்வுகளைச் சேர்த்து, மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களைப் பார்த்து ஒரு கட்டுரை வெளிவந்தது. உறவும் நட்பும் நன்றாக இருப்பவர்களுக்கு, அவை இல்லாதவர்களைவிட, அந்தந்த ஆய்வு நடந்த காலத்தில் உயிரோடிருக்க ஒன்றரை மடங்கு வாய்ப்பு இருந்ததாக அதில் கண்டார்கள். நம் விளைகளில் நல்லமிளகுக் கொடியைப் பாருங்கள். தானேதான் ஏறுகிறது, யாரும் அதைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு முருக்கு மரம் நிற்க வேண்டும். மரத்தை வெட்டிவிட்டு, கொடிக்குத் தெம்பில்லை என்று சொன்னால் யார் ஒத்துக்கொள்வார்கள்? சாயாக்கடையில் ஒரு பெஞ்சு, கோவிலில் வழக்கமாக உட்காருகிற இடம், செபமாலைக்குக் கூட இருவர், கடன் கொடுக்கிற பெட்டிக்கடைக்காரர் ஒருவர். இவை இருந்தால் 88 வயதிலும் ஒருவர் கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே இறங்குவார். போவதற்கு ஓர் இடமும், எதிர்பார்க்க ஓர் ஆளும் இல்லையென்றால் எதற்காக எழுந்து வேட்டியை மாற்ற வேண்டும்?

இனி, கேரளமும் தமிழ்நாடும் சந்திக்கிற நம் எல்லைக் கிராமங்களுக்கே உரிய ஒரு வேதனையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியாது. நம்மில் தொண்ணூறைக் கடந்தவர்கள் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜைகளாகப் பிறந்தவர்கள். 1949இல் அது திருவிதாங்கூர்-கொச்சி ஆயிற்று. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் இன்று தமிழ்நாடு என்கிற அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நம் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வீட்டை விட்டு ஒரு அடி நகராமலே அவர்கள் மூன்று பெயருள்ள நாட்டில் வாழ்ந்துவிட்டார்கள். களியக்காவிளைக்கு இந்தப்புறம் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு, அந்தப்புறம் கொல்லங்கோட்டிலோ குழித்துறையிலோ நட்டாலத்திலோ தம்பி இருக்கிறார். அப்போது அது நடந்து போகிற தூரம். இப்போதும் தூரம் அதேதான்.

அவர்கள் செபிக்கிற மொழி பல வீடுகளில் தமிழ். பேரப்பிள்ளைகள் படிக்கிறது மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் செபப்புத்தகத்தின் எழுத்து பாட்டிக்குக் கண்ணில் மங்கிவிட்டது. பேரனுக்கு அந்த எழுத்தே தெரியாது. வாசித்துக் காட்ட வீட்டில் ஆளில்லை. இதற்கு யாரையும் குறை சொல்ல வேண்டாம். ஆனால், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து அருள் நிறை மரியே செபத்தைத் தமிழில் கேட்டுக்கேட்டுப் படித்துக்கொள்ள ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பிள்ளைக்கு ஒரு செபம் கிடைக்கும். பாட்டிக்குச் சேர்ந்து சொல்ல ஒரு துணை கிடைக்கும். மலையாளத்தில் செபிக்கிற அம்மூம்மாமார் இருக்கும் வீடுகளுக்கும் இதுவேதான்.

2020இல் கொரோனா வந்தபோது இஞ்சிவிளையில் சோதனை போட்டு, பாஸ் இல்லாமல் கடக்க முடியாது என்று நிறுத்தினார்களே, நினைவிருக்கிறதா? கூடப்பிறந்தவரின் அடக்கத்துக்கும் போக முடியாதே என்று நாம் தவித்தோம். இன்று அந்தத் தடை இல்லை. பாதை திறந்து கிடக்கிறது, பஸ் ஓடுகிறது, அநேகமாக எல்லார் வீட்டிலும் வண்டி நிற்கிறது. இருந்தும் 90 வயது அக்காவும் 86 வயதுத் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்து ஆண்டுகள் ஆகின்றன. ஒருவர் இறந்தால்தான் மற்றவரைக் கார் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறோம். அப்போது மட்டும் எல்லாருக்கும் லீவு கிடைக்கிறது. சகோதரர்களே, சகோதரிகளே, உயிரோடிருக்கும்போதே அந்தக் காரைப் பிடித்தால் என்ன?

அரசும் பஞ்சாயத்தும் செய்கிற நல்லவற்றுக்காக இறைவனுக்கு நன்றி சொல்வோம். 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 8.6 விழுக்காடு, கேரளத்தில் 12.6 விழுக்காடு, மாநிலங்களில் மிக அதிகம். 2008இலேயே நோவு தணிக்கும் பராமரிப்புக்கென்று ஒரு கொள்கையைக் கொண்டுவந்த முதல் மாநிலம் நம்முடையது. அதனால்தான் பாலியேட்டிவ் சிஸ்டர் ஜீப்பில் வந்து படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டிவிட்டுப் போகிறார். முதியோர் பென்ஷன் 1,600 ரூபாயாக இருந்தது. 2025 நவம்பரிலிருந்து 2,000 ஆயிற்று. கூட்டுறவு வங்கியிலிருந்து அதைப் பலருக்கு வீட்டிலேயே கொண்டு தருகிறார்கள். முதியோருக்கென்று ஓர் ஆணையம் அமைக்க 2025இல் சட்டசபை சட்டம் இயற்றியிருக்கிறது.

ஆனால் ஒன்று என் மனதை அறுக்கிறது. பென்ஷன் தொடர்ந்து கிடைக்க, மஸ்டரிங்குக்காக அக்ஷயா மையத்துக்குப் போய் விரல் பதித்து, நான் உயிரோடிருக்கிறேன் என்று காட்ட வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கயிறும் மண்வெட்டியும் பிடித்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும். பலமுறை அழுத்திப் பார்ப்பார்கள். அன்று வெள்ளை உடுத்தி, ஆட்டோவில் ஏறி, வழியில் தெரிந்த முகங்களைப் பார்த்து வருவதே சில பெரியவர்களுக்கு ஆண்டில் ஒரே பயணம். நீர் உயிரோடிருக்கிறீரா என்று அரசு வருடத்துக்கு ஒரு முறை கேட்கிறது. ஒரே அப்பத்தைப் பகிர்கிற நாம் எத்தனை தடவை கேட்கிறோம்?

வயதானவர்களைக் கவனித்துக் கவனித்துக் களைத்துப்போனவர்களிடம் இப்போது ஒரு வார்த்தை. பெரும்பாலும் நீங்கள் பெண்கள். மகள்கள், மருமகள்கள், சில வீடுகளில் நீங்களே எழுபதை நெருங்கியவர்கள். இரவில் நாலு தடவை எழும்புகிறீர்கள். துணியை மாற்றுகிறீர்கள். ஒரே கேள்விக்குப் பத்துத் தடவை பதில் சொல்கிறீர்கள். ஒரு நாள் பொறுமை போய் அதட்டிவிட்டு, பிறகு அடுக்களையில் நின்று அழுகிறீர்கள். வாரியலைப் பிடுங்காதே என்று சாமியார் எளிதாகச் சொல்லிவிட்டார், விழுந்தால் பார்க்கிறது நான்தானே என்று உங்களுக்குத் தோன்றினால் அது நியாயமே. உங்கள் சோர்வு பாவம் அல்ல. அதட்டியதற்காக மனம் வருந்தினீர்களே, அந்தக் கண்ணீரை ஆண்டவர் எடுத்து வைத்திருக்கிறார். உங்களைத் தனியாக விட்டது இந்தப் பங்குக் குடும்பத்தின் குறை. சிலுவையின் பாரத்தைத் தாங்க இயேசுவுக்கே ஒரு சீமோன் தேவைப்பட்டார். உங்களுக்குத் தேவைப்படாதா? இரண்டு மணி நேரம் அம்மச்சியோடு உட்கார அடுத்த வீட்டுக்காரி வந்தால், நீங்கள் தூங்கலாம். அம்மச்சிக்கும் ஒரு புது முகம் கிடைக்கும்.

கடைசியாக, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற என் அப்பச்சன்மாரே, அம்மச்சிமாரே, பாட்டாமாரே, உங்களிடம். முதல் வெள்ளியன்று நற்கருணையோடு வீடுகளுக்கு வரும்போது அதிகமாகக் கேட்கிற பேச்சு, ஆண்டவர் என்னை ஏன் இன்னும் கூப்பிடவில்லை, பிள்ளைகளுக்குப் பாரமாகக் கிடக்கிறேனே என்பதுதான். உயிர்த்த ஆண்டவர் ஏரிக்கரையில் பேதுருவிடம் சொன்னதை நினைத்துப் பாருங்கள். இளமையில் நீயே கச்சை கட்டிக்கொண்டு விரும்பின இடத்துக்குப் போனாய். முதுமையில் கைகளை நீட்டுவாய், வேறொருவர் உனக்குக் கச்சை கட்டி, விருப்பமில்லாத இடத்துக்குக் கொண்டுபோவார் என்றார். பேதுரு சாகப்போகிற விதத்தைத்தான் அவர் குறிப்பிட்டார் என்று நற்செய்தியாளர் சொல்கிறார். ஆனாலும் கட்டிலில் கிடக்கிற ஒவ்வொருவருக்கும் அது தெரிந்த அனுபவம். அதைச் சொன்னவுடனே இயேசு என்ன சொன்னார்? என்னைப் பின்செல் என்றார். பிறர் கையைப் பிடித்து எழும்ப வேண்டிய நிலையிலும் அவரைப் பின்பற்ற முடியும் என்று சொன்னார்.

அவரையும் மற்றவர்கள்தான் குளிப்பாட்டினார்கள், குழந்தையாயிருந்தபோது. மற்றவர்கள்தான் சிலுவையிலிருந்து இறக்கித் துணியில் சுற்றினார்கள். தேவமகனுக்கு அதில் வெட்கமில்லை. உங்களுக்கும் வேண்டாம். செய்ய முடிகிறதை விட்டுவிடாதீர்கள். மெல்ல ஆகட்டும், பாதி ஆகட்டும், செய்யுங்கள். முடியாததைப் பிள்ளைகள் செய்யும்போது தலை குனியாமல் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிக்கொள்வதும் அவர்களுக்கு நீங்கள் செய்கிற உபகாரமே. எருசலேம் ஆலயத்தில் 84 வயது இறைவாக்கினர் அன்னாவுக்கு உடல் பலம் எவ்வளவு இருந்திருக்கும்? அவர்தாம் குழந்தை இயேசுவைப் பார்த்துவிட்டு, காத்திருந்தவர்களிடமெல்லாம் அவரைப் பற்றிப் பேசினார். உங்கள் வாய்ச் செபம் இந்தப் பங்குக்கு வேண்டும். அதற்காகவே ஆண்டவர் உங்களை எங்களோடு வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதம் முடிவதற்குள் ஒவ்வொரு வீடும் இதைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவரிடம், யாரைப் பார்க்க ஆசை என்று கேளுங்கள். அக்காவாக இருக்கலாம், பழைய கூட்டுக்காரராக இருக்கலாம், கோவில் கல்லறைத் தோட்டத்தில் மனைவியின் கல்லறையாகவும் இருக்கலாம். எல்லைக்கு அந்தப்புறம் என்றாலும் கூட்டிக்கொண்டு போங்கள். போகிற நாளையும் நேரத்தையும் அவரே சொல்லட்டும். வண்டி இல்லாத வீட்டார் தயங்க வேண்டாம். திருப்பலி முடிந்ததும் உங்கள் அன்பியப் பொறுப்பாளரிடம் பெயர் கொடுங்கள். வண்டி உள்ளவர்களும், சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச முடிகிற இளைஞர்களும் அங்கேயே பெயர் கொடுங்கள். பார்க்க யாருமே வராத பெரியவர் ஒருவர் உங்கள் பக்கத்து வீட்டில் இருந்தால், அவர் எந்தக் கோவிலுக்குப் போகிறவர், எந்த மதத்தைச் சேர்ந்தவர் என்று பார்க்காமல், அவருடைய வீட்டையும் சொல்லுங்கள். இந்த வாரமே போவோம்.